டெல்லி தாமரைக் கோயில்: முதல்முறை போகிறவர்களுக்கு

டெல்லியைச் சுற்றிப் பார்க்கப் போகிற யாருடைய பட்டியலிலும் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட்டோடு தாமரைக் கோயிலும் கட்டாயம் இருக்கும். போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "வெளியில பிரமாதம், உள்ளதான் ஒண்ணுமே இல்ல" என்பார்கள். முதல் தடவை நானும் அதையேதான் சொன்னேன். அந்த ஒன்றுமில்லாத கூடத்தில் வந்து உட்காருவதற்காகத்தான் அத்தனை பெரிய கட்டிடத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, அங்கே போய்ச் சேர்வதைப் பற்றி. மீதி, உள்ளே போனபின் என்ன செய்வது என்பது பற்றி.

கிழமையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

திங்கட்கிழமை விடுமுறை. இதை நான் பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டேன். ஆட்டோக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தூரத்தில் தெரிந்த வெள்ளை இதழ்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். செங்கோட்டையும் திங்களன்று திறக்காது. ஆகவே திங்கட்கிழமைக்கு குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை எல்லா நாளும் திறந்திருக்கும்.

ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் வேண்டாம் என்பேன். கூட்டம் வரிசை கட்டி நிற்கும், உள்ளே போனாலும் உட்கார மனம் வராது, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போவது போலவே இருக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் காலை, அதுதான் தோது. காலையில் திறந்தால் சாயங்காலம் வரை இடைவெளி இல்லாமல் திறந்திருக்கும். குளிர்காலத்தில் மட்டும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். திறக்கும், மூடும் நேரம் பருவத்துக்குத் தக்கபடி மாறும் என்பதால், கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான இன்னொரு நேரம் இருக்கிறது: பிரார்த்தனை நேரம். வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு முறை நடக்கும், காலை 10, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 5. இதில் ஏதாவது ஒன்றைக் குறி வைத்து, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக வாசலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். என் கணக்கில் காலை 10 மணிதான் நல்லது. வெயில் ஏறியிருக்காது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பேருந்துகளும் வந்து சேர்ந்திருக்காது.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. மே, ஜூன் மாதங்களில் டெல்லி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெள்ளைப் பளிங்கு அந்த வெயிலை அப்படியே கண்ணில் அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஆளே தெரியாது, தாமரை எங்கே தெரியப்போகிறது? அக்டோபரும், பிப்ரவரி, மார்ச்சும்தான் நமக்குச் சரி.

போகும் வழி

மெட்ரோதான். யோசிக்கவே வேண்டாம். இறங்க வேண்டிய நிலையம் கால்காஜி மந்திர். வயலட் பாதை, மெஜந்தா பாதை இரண்டும் அங்கே சந்திக்கின்றன.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்கிலோ வந்து புது டெல்லி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள், மஞ்சள் பாதையில் மத்திய செயலகம் வரை வந்து, அங்கே வயலட் பாதைக்கு மாறிக்கொள்ளலாம். மத்திய செயலகம் என்று நான் எழுதினாலும் அறிவிப்பில் ‘கேந்திரிய சச்சிவாலய்’, ‘சென்ட்ரல் செக்ரடேரியட்’ என்றுதான் காதில் விழும். திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்து நிஜாமுதீனில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் பக்கம். சராய் காலே கான் நிஜாமுதீன் நிலையத்தில் பிங்க் பாதையைப் பிடித்து லஜ்பத் நகரில் வயலட்டுக்கு மாறினால் போதும். விமானத்தில் முதல் டெர்மினலுக்கு வருகிறவர்களுக்கு மாறுகிற வேலையே இல்லை, மெஜந்தா பாதை நேராகக் கொண்டுவந்து விடும்.

வயலட் பாதையில் வந்தால் ஒரு சின்ன லாபம் உண்டு. அந்தப் பகுதியில் ரயில் தூண்களின் மேல் ஓடுகிறது. நேரு பிளேஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் இடது பக்க ஜன்னலுக்கு நகர்ந்துகொள்ளுங்கள். மரங்களுக்கு மேலே வெள்ளை மொட்டு ஒன்று எழுந்து வரும். மெஜந்தா பாதை அங்கே தரைக்குக் கீழே ஓடுவதால் இந்தக் காட்சி கிடைக்காது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "லோட்டஸ் டெம்பிள், லோட்டஸ் டெம்பிள்" என்று கூப்பிடுவார்கள். நடக்க முடியாதவர் கூட இருந்தால் ஒழிய ஏறாதீர்கள். நடை தூரம்தான், எல்லோரும் போகிற திசையில் போனாலே வாசல் வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: ‘கால்காஜி மந்திர்’ என்று சொல்லி வழி கேட்டால் பக்கத்தில் இருக்கிற காளிகா தேவி கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். நிலையத்துக்குப் பெயர் வந்ததே அந்தக் கோயிலால்தான். நவராத்திரி சமயத்தில் அங்கே கூடுகிற கூட்டத்தில் இந்தப் பகுதி முழுக்க நெரிசலாகிவிடும். அந்த நாட்களைத் தவிர்த்தால் நிம்மதி.

கையில் என்ன, காலில் என்ன

நுழைவுக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து நிற்க வேண்டாம், எங்காவது வைத்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் அப்படித்தான். வளாகத்துக்குள் இலை போட்டுச் சாப்பிடுகிற இடம் இல்லை.

உடைக்குக் கெடுபிடி ஒன்றும் பார்த்ததில்லை. நம் ஊர்க் கோயிலுக்குப் போவது போல உடுத்திக்கொண்டு போனால் போதும். வேட்டியா பேண்ட்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த மதம், என்ன ஜாதி, உள்ளூரா வெளியூரா என்ற கேள்வியும் இல்லை.

ஒரே ஒரு பொருளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்: காலுறை. செருப்பைக் கழற்றிய பிறகு திறந்தவெளியில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், படி ஏற வேண்டும். நடைபாதை சிவப்பு மணற்கல், மேலே போனால் பளிங்கு. ஏப்ரல் வெயிலில் அந்தக் கல் தோசைக்கல் மாதிரி காயும். ஜனவரியில் அதே கல் ஐஸ் கட்டி. வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடுகிறவர்களை இரண்டு பருவத்திலும் பார்த்திருக்கிறேன்.

இதழ்களை எண்ணிப் பாருங்கள்

வாசலுக்குள் நுழைந்ததும் இருபுறமும் புல்வெளி, நடுவே நீளமான பாதை, பாதையின் முடிவில் தாமரை. மொத்த வளாகம் 26 ஏக்கர். இங்கேதான் எல்லோரும் உடனே போனை எடுத்து, கோயிலைக் கையில் ஏந்துவது போலப் படம் எடுக்கத் தொடங்குவார்கள். எடுங்கள், வெளியில் தடையில்லை. எடுத்து முடித்த பிறகு ஐந்து நிமிடம் நின்று அந்த வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மொத்தம் 27 இதழ்கள், மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஒன்பது. முதல் அடுக்கு வெளிப்பக்கமாக விரிந்து கவிழ்ந்திருக்கும். ஒன்பது வாசல்களுக்கும் குடை பிடிப்பவை இவைதான். இரண்டாவது அடுக்கு உள்பக்கமாகச் சாய்ந்து, மண்டபத்தைச் சுற்றியுள்ள வெளிக்கூடத்துக்குக் கூரையாக நிற்கிறது. மூன்றாவது அடுக்குதான் நடுவில் உயர்ந்து நிற்கும் மொட்டு. தூரத்திலிருந்து அது மூடிய மொட்டாகத் தெரிந்தாலும், நுனியில் இதழ்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அந்த இடைவெளியில் கண்ணாடியும் எஃகும் கொண்ட கூரை இருக்கிறது. பகல் வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. இப்போதே இதைக் கவனித்து வைத்தால், உள்ளே போய் அண்ணாந்து பார்க்கும்போது எது எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

சுற்றிலும் ஒன்பது குளங்கள். தாமரை இலை தண்ணீரில் மிதப்பது போன்ற தோற்றத்துக்காக வைத்தவை என்றாலும், அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. குளத்து நீரின் மேலே வரும் காற்று குளிர்ந்து, அடித்தளத்தில் உள்ள திறப்புகள் வழியாக மண்டபத்துக்குள் நுழைகிறது. உள்ளே சூடாகி மேலே எழுந்து உச்சி வழியாக வெளியேறுகிறது. நம் பழைய வீட்டு முற்றம் செய்கிற வேலைதான், அளவு பெரிது.

ஏன் எதை எடுத்தாலும் ஒன்பது? இது பஹாய் சமயத்தாரின் வழிபாட்டு இல்லம். பாரசீகத்தில் பிறந்த பஹாவுல்லா (1817–1892) தோற்றுவித்த சமயம் அது. உலகில் எங்கே பஹாய் வழிபாட்டு இல்லம் கட்டினாலும் அதற்கு ஒன்பது பக்கங்கள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியதி. தனி இலக்கங்களில் பெரியது 9, அதனால் அது முழுமையின் அடையாளம் என்கிறார்கள். ‘பஹா’ என்ற சொல்லின் அரபு எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினாலும் ஒன்பதுதான் வரும். பக்கங்கள் ஒன்பது என்ற நியதியை வைத்துக்கொண்டு வடிவத்தை அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் வில்மெட்டில் உள்ளது சரிகை வேலை செய்த மணியைப் போல இருக்கும். இந்தியாவுக்கு என்ன வடிவம் என்று தேடி, ஈரானியக் கட்டிடக் கலைஞர் ஃபரிபோர்ஸ் சஹ்பா நாடு முழுக்கச் சுற்றினார். எந்த மதத்தின் கோயிலுக்குப் போனாலும் ஏதோ ஒரு மூலையில் தாமரை கண்ணில் பட்டது. சரி, அதையே கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நினைப்பது சுலபம், கட்டுவதுதான் பாடு. இதழ்களில் நேர்கோடே கிடையாது. எல்லாம் வளைவு. 1980-ல் தொடங்கிய வேலை 1986-ல் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் திறப்பு விழா. கட்டியவர்கள் எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவான ஈ.சி.சி. அதன் தலைமையகம் சென்னை மணப்பாக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நம் ஊர்ப் பெருமையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் இதழுக்குக் கான்கிரீட் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் இணைப்புக் கோடு தெரியும். அதனால் இரவு பகலாக ஏறக்குறைய 48 மணி நேரம் விடாமல் போட்டார்கள். டெல்லி வெயிலில் கலவை சூடாகிவிடக் கூடாது என்று அதில் ஐஸ் சேர்த்தார்கள். அந்தக் கலவையைச் சாரத்தின் மேல் ஏற்றியது பெரும்பாலும் சித்தாள் பெண்கள், கூடை ஒன்றுக்கு 20 கிலோவுக்கு மேல், தலைச்சுமையாக. உள்ளே போகும் கம்பிகள் துருப்பிடித்து வெள்ளையில் கறை இறங்கிவிடக் கூடாதென்று அவற்றுக்குத் துத்தநாகப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். மேலே பதித்திருக்கும் பளிங்கு கிரேக்க நாட்டின் பென்டெலி மலையில் வெட்டியது. இத்தாலிக்கு அனுப்பி, ஒவ்வொரு துண்டையும் அளவுக்கு அறுத்துக் கொண்டுவந்தார்கள். இதழின் வளைவுக்குத் தக்கபடி துண்டுகளின் கோடுகள் ஓடுவதைக் கிட்டப் போகும்போது பாருங்கள்.

செருப்பு விடும் இடம்

கோயிலை நெருங்குவதற்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர் மாதிரி ஜோடி ஜோடியாக வாங்கி அடுக்குகிற பழக்கம் இல்லை. ஒரு சாக்குப்பை போன்ற பையைக் கையில் கொடுப்பார்கள். குடும்பத்தில் எல்லோருடைய செருப்பையும் அதில் போட்டுக் கொடுத்தால் ஒரு டோக்கன் வில்லை தருவார்கள். இதற்கும் காசு இல்லை. வில்லையை யார் வைத்திருப்பது என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் வில்லை ஒருவர் சட்டைப் பையில், அவர் ஒரு பக்க வாசல் வழியாக வெளியே போய்விட, நாங்கள் இன்னொரு பக்கம் வெறுங்காலோடு அரை மணி நேரம் நின்றோம். கட்டிடத்துக்கு ஒன்பது பக்கம், எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே மாதிரி தெரியும். "தாமரைக்கு முன்னாடி நிக்கிறேன்" என்று போனில் சொல்வதில் பயனே இல்லை. திரும்பச் சந்திக்கிற இடம் செருப்பு விடும் இடம்தான் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்குப் போவது, தண்ணீர் குடிப்பது, குழந்தைக்குப் பாலூட்டுவது எல்லாவற்றையும் இதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மேலே ஏறியபின் வசதி கிடையாது.

படிக்கட்டில்

படிகளுக்கு முன்னால் தன்னார்வலர்கள் வரிசையில் நிறுத்துவார்கள். இளைஞர்கள், பல ஊர்க்காரர்கள், பல நாட்டுக்காரர்கள். ஒரு கூட்டம் சேர்ந்ததும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சில வார்த்தைகள் சொல்வார்கள். சாரம் இதுதான்: உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும், விருப்பம் போல உட்கார்ந்து அவரவர் வழியில் பிரார்த்தனை செய்யலாம். நம் ஆட்கள் பேசக் கூடாது என்றால் குசுகுசுவென்று பேசலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது நடக்காது. அத்தனை உயரமான வளைந்த கூரைக்கு அடியில் ஓர் இருமல்கூடச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும்.

உள்ளே

இப்போது முக்கியமான கட்டம்.

வாசலைத் தாண்டியதும் வெளிச்சம் சட்டென்று தணியும். பெரிய வட்டக் கூடம், வரிசை வரிசையாக நீள இருக்கைகள், 1,300 பேர் உட்காரலாம். அவ்வளவுதான். சிலை இல்லை, படம் இல்லை, பலிபீடம் இல்லை, விளக்கு இல்லை, பூசாரி இல்லை. தீபாராதனையும் பிரசாதமும் எதிர்பார்த்து வந்தவர்கள் இருபது அடி உள்ளே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, சரி என்று அடுத்த வாசல் வழியாக வெளியே போய்விடுகிறார்கள். மொத்தம் இரண்டு நிமிடம்.

இரண்டாம் முறை போனபோது என் பெரியம்மா கூட இருந்தார். உள்ளே நுழைந்ததும் கைகளைக் கூப்பியபடியே நாலாபக்கமும் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "சாமி எங்கடா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

பதில் இதுதான். பஹாய் வழிபாட்டு இல்லத்துக்குள் படமோ சிலையோ வைக்கக் கூடாது, மதபோதனை செய்யக் கூடாது, சடங்கு எதுவும் நடத்தக் கூடாது, இசைக்கருவி வாசிக்கக் கூடாது. அவர்கள் சமயத்தில் குருமார் என்ற பதவியே இல்லை. அனுமதிப்பது இரண்டே இரண்டு: எல்லாச் சமயங்களின் மறைநூல்களிலிருந்தும் வாசிப்பது, கருவி இல்லாமல் மனிதக் குரலில் பாடுவது. அதுவும் இல்லாத நேரத்தில் மௌனம். கூடம் காலியாக இருப்பது ஏற்பாடுதான். வருகிறவர் தன் சாமியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவர் ஜெபமாலை உருட்டினாலும், கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

எங்கே உட்கார்வது? வாசலை ஒட்டிய கடைசி வரிசைகள் வேண்டாம், ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். நடுவுக்கு வந்துவிடுங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். வெளியே எண்ணிய உள் மொட்டு இப்போது உங்கள் தலைக்கு மேல். வெளியே பளிங்கு மூடியிருந்தது, உள்ளே பதிப்பு எதுவும் இல்லாத வெள்ளைக் கான்கிரீட், உளியால் கொத்திய சொரசொரப்போடு அப்படியே இருக்கிறது. வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மேலே ஏறி உச்சியில் நட்சத்திரம் போலச் சேர்கின்றன. கட்டிடத்தின் மொத்த உயரம் 34 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், பத்து மாடி அளவுக்குப் பக்கமாக வரும். பார்த்து முடித்ததும் கண்ணைக் கீழே இறக்கி, பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். முதல் மூன்று நிமிடம் போன் இருக்கிற பையைக் கை தேடும். அப்புறம் விட்டுவிடும்.

பிரார்த்தனை நேரத்தைக் குறி வைத்து வரச் சொன்னது இதற்காகத்தான். நேரம் ஆனதும் ஒருவர் எழுந்து முன்னால் போய் நிற்பார். அறிமுகம் கிடையாது, வணக்கம் கிடையாது. நேராகப் படிக்கவோ பாடவோ தொடங்குவார். ஒரு தடவை நான் கேட்டது முதலில் சமஸ்கிருத சுலோகம், அடுத்து ஆங்கிலத்தில் பைபிள் பகுதி, பிறகு எனக்குப் புரியாத மொழியில் நீண்ட ஓதல். அந்த மூன்றாவதுதான் இன்னும் காதில் இருக்கிறது. ஒற்றைப் பெண் குரல், மைக்கோ தம்புராவோ துணைக்கு இல்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள், முடிந்த வரியின் வால் மேலே வளைவுகளில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து அவருக்கே சுருதி போட்டது. பேச்சுக்கு இந்தக் கூடத்தின் எதிரொலி எதிரி. பாட்டுக்கு அதுதான் பக்கவாத்தியம். எல்லாம் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான், நடுவில் எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் கைதட்டக் கூடாது. சிலர் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டு விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்வது நல்லது. அழத் தொடங்கினால் உடனே வெளியே தூக்கி வந்துவிடலாம். எதிரொலி வரும் என்று கண்டுபிடித்துவிட்ட ஐந்து வயதுப் பிள்ளையை அடக்குவது எந்தத் தன்னார்வலராலும் ஆகாத காரியம். முடிந்தால் அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றிப் போய் வாருங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால், நீளமான பாதை, அதன்பின் படிகள் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்து, வாசலில் இருப்பவர்களிடம் சொல்லி உதவி கேளுங்கள். படிவரை வந்த பிறகு யோசித்தால் திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்த பிறகு

வெளியே வந்ததும் ஓடிவிடாமல் குளங்களைச் சுற்றி ஒரு நடை போங்கள். தண்ணீரில் கால் நனைக்க விடமாட்டார்கள். பளிங்குக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்க்கிறபோதுதான் ஓர் இதழ் எவ்வளவு பெரிது என்று தெரியும். தூரத்துப் படத்தில் அது பூவாகத் தெரிந்தது, இங்கே அது பாய்மரம். சமயத்தைப் பற்றியும் கட்டிடம் உருவான கதையைப் பற்றியும் தெரிந்துகொள்ள விரும்பினால் வளாகத்திலேயே தகவல் மையம் இருக்கிறது. அவசரமாக இருந்தால் அதை விட்டுவிடலாம், பிரார்த்தனையை விடாதீர்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அன்றைய நாளை எப்படிக் கோர்ப்பது என்றால், மெஜந்தா பாதையில் வசந்த் விஹார் பக்கம் இறங்கினால் ஆர்.கே.புரம் மலை மந்திர். டெல்லித் தமிழர்களின் சுவாமிநாத சுவாமி கோயில். காலையில் அங்கே தரிசனம், பிறகு அதே பாதையில் கால்காஜி மந்திர் வந்து 12 மணிப் பிரார்த்தனை என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையை மாற்றிவிடாதீர்கள். நம் கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடும், தாமரைக் கோயில் சாத்தாது. பசித்தால் ஒரு நிலையம் தள்ளி நேரு பிளேஸ், கணினிக் கடைகளுக்கு நடுவே சாப்பாட்டுக் கடைகளும் நிறைய.

விட்டுப்போன ஒரு விஷயம், உண்டியல். அது இங்கே கிடையாது. பஹாய் சமயத்தைச் சேராதவர்களிடம் அவர்கள் நன்கொடை வாங்குவதே இல்லை. 1953-ல் இந்த நிலம் வாங்கியபோது, சிந்து மாகாணத்து ஹைதராபாத்தைச் சேர்ந்த அர்தேஷிர் ருஸ்தம்பூர் என்ற பஹாய் தன் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார். அன்றிலிருந்து அவர்கள் ஆட்கள் கொடுத்த பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. தட்டிலும் போட முடியாது, தன்னார்வலர் கையிலும் திணிக்க முடியாது.

பெரியம்மாவுக்கு இதுதான் சரிப்படவில்லை. முந்தானையில் பத்து ரூபாய் முடிந்துகொண்டு வந்திருந்தார். படி இறங்கும்போது ஒரு தடவை, செருப்பு வாங்கும்போது ஒரு தடவை, "எங்கயாவது போட்டுட்டு வந்துடேன்" என்று என்னிடம் நீட்டினார். கடைசியில் நிலையத்துக்குத் திரும்புகிற வழியில் காளிகா கோயிலுக்குள் நுழைந்து, நெரிசலில் முட்டி மோதி உள்ளே போய், உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். ரயில் ஏறியபின் கேட்டேன், எந்தச் சாமிக்குப் போட்டீர்கள் என்று. "அங்க உட்கார்ந்திருந்ததுக்குத்தான்" என்றார்.